நிழலுக்குத் தெரியாத கால்

என்னைப் போன்ற ஒருத்தியைப் பேரம் பேச அழைத்துப் போகலாம் என்று வேறு யாருக்கும் தோன்றியிருக்காது. காய்கறிக் கடையில் விலை கேட்டுவிட்டு, சரியாகத்தான் காதில் விழுந்ததா என்று இன்னொரு முறை கேட்பவள் நான். பகலில் தில்லைநகரில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் கண்மணிகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்து எழுதுவேன். எழுதிய பிறகு மறுபடி அளப்பேன். மாலையில் தொழிலாளர் சட்டப் பட்டய வகுப்பு. அங்கேதான் சவரிமுத்து அண்ணன் என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

அவர் திருச்சி கோட்டை அணியின் ரைடர். எதிரணிப் பக்கத்துக்குக் "கபடி கபடி" என்று மூச்சுவிடாமல் பாடிக்கொண்டு தனியாளாகப் போய், யாரையாவது தொட்டுவிட்டு, பிடிபடாமல் நடுக்கோட்டுக்குத் திரும்புவதுதான் அவர் தொழில். வகுப்பில் முதல் வாரம் எல்லோரும் அவரோடு படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு அவர் வீட்டுப்பாடம் எழுதாத இன்னொரு மாணவராகிவிட்டார்.

ஒரு நாள் இடைவேளையில், டீக்கடை வாசலில் கேட்டார்.

"பௌசியா, திங்கக்கிழமை என்கூட கிளப் ஆபீசுக்கு வர்றியா? எனக்காக நீ பேசணும்."

"நானா? அண்ணே, யாராவது வக்கீலக் கூட்டிட்டுப் போங்க."

"பெரிய வக்கீலுங்க எப்படிப் பேசுவாங்கன்னு அவங்களுக்குத் தெரியும். என்னையப் பத்திச் சொல்லவே வேணாம். என் நிழலே அவங்ககிட்ட இருக்கு."

"நிழலா?"

அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "பயிற்சிக்கு ஒரு பனியன் குடுப்பாங்க. சேர்ந்த நாள்லேர்ந்து போட்டுக்கிட்டு இருக்கேன். கால எங்க வைக்கிறேன், மூச்சு எப்பத் திணறுது, பயந்தா எந்தப் பக்கம் சாயுறேன், எல்லாத்தையும் அது பிடிச்சு வச்சுக்கும். சம்பளப் பேச்சுக்கும் அதோடதான் போகணும். யூனிஃபார்மாம். அத்தனையும் சேர்த்து கம்ப்யூட்டருக்குள்ள ஒரு சவரிமுத்த ஓட விட்டிருக்காங்க. அதுதான் நிழல். மொதல்ல அவன்கிட்டக் கேட்டுட்டு, அப்புறந்தான் என்கிட்டக் கேப்பாங்க."

"என்ன கேப்பாங்க?"

"எதுக்குத் தலையாட்டுவான்னு. போன தடவ என் வீட்டுக்காரி மேரிகிட்ட சபதம் போட்டுட்டுப் போனேன், இதுக்குக் கீழ இறங்க மாட்டேன்னு. உள்ள போனா பேப்பர் ரெடியா இருக்கு. கீழதான் இருந்துச்சு. கையெழுத்தப் போட்டுட்டு வந்தேன். ஏன் போட்டேன்னு ஆட்டோவுல வர்றப்ப எனக்கே வெளங்கல. அவங்களுக்கு வெளங்கியிருக்கு."

இப்போது கோட்டை அணி வெளிமாநிலத்திலிருந்து ஒரு இளம் ரைடரைக் கொண்டுவந்திருந்தது. அண்ணனை விடவும் மாட்டார்கள், ஆட வைக்கவும் மாட்டார்கள். கடலூர் அணி அவரைக் கேட்டிருந்தது.

"உக்கார வச்சே சம்பளம் குடுப்பாங்க. எனக்கு உக்காரத் தெரியாதும்மா. இன்னும் ரெண்டு மூணு சீசன் காலு தாங்கும். அதுக்குள்ள ஆடித் தீக்கணும். உன்னப் பத்தி அவங்ககிட்ட ஒண்ணுமே இல்ல. நீ அடுத்து என்ன சொல்லப் போறேன்னு உனக்கே தெரியாது. அதான் எனக்கு வேணும்."

இது பாராட்டா என்று வீடு போய்ச் சேரும்வரை யோசித்தேன்.

கோட்டை அணியின் ஒப்பந்த மேலாளர் ஆராவமுதன் மென்மையாகப் பேசுகிறவர். எனக்கும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். மேசையில் அவர் பக்கமாகத் திருப்பி வைத்த ஒரு திரை இருந்தது. அண்ணன் நாற்காலியில் அசையும்போதெல்லாம் அவர் கண் திரைக்குப் போய் வந்தது.

"சவரி, மணப்பாறையில புழுதியில ஆடிண்டிருந்தே. உன்னை இந்த ரப்பர் மேட்ல ஏத்தினது யாரு? விசுவாசம்னு ஒண்ணு இருக்கோன்னோ?"

அண்ணன் தலை குனிந்தது. ஆராவமுதன் திரையைப் பார்த்தார். அந்தக் குனிவுக்கு என்ன பொருள் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். உடனே, கனிவாக, இன்னும் ஒரு வருடம் இருந்துவிட்டுப் போகும்படி சொன்னார்.

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் நான் பேசினேன். "விசுவாசம் எந்த ஷரத்துல சார் வருது?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை. உண்மையிலேயே தேடிப் பார்த்துக் காணாமல் கேட்டேன். அவர் திரையைப் பார்த்தார், அது எனக்கு உதவாது என்று உணர்ந்து என்னைப் பார்த்தார். அதன் பிறகு நான் ஒவ்வொரு ஷரத்தையும் இரண்டு முறை வாசித்தேன். ஒன்று கேட்பேன். கேட்டது சரிதானா என்று தயங்கி நிற்பேன். அந்தத் தயக்கத்தை அவர் பேரம் என்று எடுத்துக்கொண்டு ஒரு படி இறங்குவார். மதியத்துக்குள் விடுவிப்புக்குச் சம்மதித்துவிட்டார்கள். கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரு வரி மிச்சமிருந்தது.

"பயிற்சித் தரவுகள் கழகத்துக்கே உரியவைன்னு போட்டிருக்கு. அது நிழல்தானே சார்?"

"ஆமாம். எங்க மைதானம், எங்க பனியன்."

"அண்ணன் போனப்புறமும் அது இங்க இருக்குமா? எதுக்குப் பயன்படுத்துவீங்க?"

"எங்க பசங்க பயிற்சிக்கு."

"இதுக்கு ஒரு வாரம் டைம் வேணும்," என்றேன்.

அண்ணன் என் கையைத் தட்டினார். "விடும்மா. நிழல் தானே, வச்சுக்கட்டும். நான் வெளிய போனாப் போதும்."

அவர் கையெழுத்துப் போட்டார். ஆராவமுதன் பேனாவை வாங்கி மூடிக்கொண்டே என்னிடம் சொன்னார். "நீங்க வருவேள்னு எங்களுக்குத் தெரியாது. ஆனா, அவர் இந்த வரியை விட்டுக்கொடுப்பார்னு தெரியும்."

கடலூர் அணிக்கு முதல் ஆட்டமே கோட்டை அணியோடு அமைந்தது. கடையில் கூட்டமில்லாத நேரம். நானும் என்னோடு வேலை பார்க்கும் மேகலாவும் கைப்பேசியை மூக்குக்கண்ணாடி ஸ்டாண்டில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். அண்ணன் வழக்கம்போல நடுக்கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனார். கூட்டத்தில் ஒரு பகுதி "துரோகி" என்று கத்தியது. அவர் இடது காலை நீட்டினார். இடது மூலையில் நின்றவன் ஏற்கெனவே அந்த இடத்தில் குனிந்திருந்தான். கால் தானாகப் போய் அவன் கைக்குள் விழுந்தது போல இருந்தது.

அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"என்னடி, உங்கண்ணன் சொல்லி வச்சுட்டா போறாரு?" என்றாள் மேகலா.

கடலூர் போன பிறகு சனிக்கிழமை வகுப்புகளுக்கு மட்டும் வந்த அவர் அந்த வாரமும் வந்தார். கன்னத்தில் சிராய்ப்பு.

"அவனுங்க மணிக்கட்டுல ஒரு பட்ட கட்டியிருக்கானுங்க, கவனிச்சியா? கேமரா என்னையப் பாக்கும், நிழல் சொல்றது அதுல அதிரும். வலப்பக்கம் ஒரு தடவ, இடப்பக்கம் ரெண்டு தடவ. என் காலு போறதுக்கு முன்னாடி அவன் கை அங்க போயிருது."

"மாத்தி ஆடிப் பாத்தீங்களா?"

"பாக்காம? மாத்தணும்னு நெனச்சா நான் எப்படி மாத்துவேன்னும் அதுக்குத் தெரியுது. இது மட்டும்னா பரவால்ல. மத்த அணிக்கெல்லாம் என்னைய வாடகைக்கு விடுறாங்க. நேத்து சேலத்துக்காரன் பிடிச்சான். அவன்கூட நான் ஆடுனதே கெடையாது."

கடலூர் பயிற்சியாளர் கலியபெருமாள் வெளிப்படையான மனிதர். பொங்கலுக்கு முந்தைய ஆட்டம்வரை பார்ப்பதாகவும், அதற்குமேல் வைத்திருக்க முடியாது என்றும் சொல்லிவிட்டாராம். அதற்குள் கோட்டை அணியிடமிருந்து ஒரு அழைப்பு வந்திருந்தது. திரும்பி வரச் சொன்னார்கள். ஆடுவதற்கு அல்ல.

"நிழலுக்கு வயசாகுதாம்," என்றார் அண்ணன். "எனக்கு முட்டி தேயத் தேய அதுக்கும் தேயணுமில்ல? அதுக்காக நான் பனியனப் போட்டுக்கிட்டு அங்க உக்காந்திருக்கணுமாம். நிழல் ஆடுமாம்."

சிரிக்க முயன்றார். பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. ஒரு வாரம் வேண்டும் என்று அன்று இன்னும் பலமாகச் சொல்லியிருந்தால் என்று நினைத்தேன். சொல்லியிருந்தாலும் அவர் கையெழுத்துப் போட்டிருப்பார் என்றும் நினைத்தேன். இரண்டையும் மாறி மாறி நினைத்தேன்.

இடைவேளையில் டீ குடிக்கச் சாலையைக் கடக்க வேண்டும். அண்ணன் எப்போதும் போல ஒரே மூச்சில் கடந்துவிட்டார். நான் இந்தப் பக்கம் நின்றேன். வலப்புறம் பார்த்தேன், இடப்புறம் பார்த்தேன், ஒரு காலை இறக்கினேன். வலப்புறம் சரியாகப் பார்த்தேனா என்று சந்தேகம் வந்தது. காலை எடுத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஒரு ஷேர் ஆட்டோக்காரர் நான் வருவேன் என்று நிறுத்தி, வரவில்லை என்று கிளப்பி, நான் மறுபடி இறங்கியதும் தடுமாறி பிரேக் போட்டார்.

"ஏம்மா, வர்றியா வரலையா? ஒரு முடிவுக்கு வா!"

வழக்கமாக அண்ணன் இந்த இடத்தில் சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை. டீக் கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரும்பிப் போ," என்றார்.

"என்னது?"

"அந்தப் பக்கம் போயிட்டு மறுபடி வாம்மா."

அன்று இரண்டாவது பாடவேளைக்கு ஆசிரியர் வரவில்லை. அண்ணன் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளினார். சாக்பீஸால் தரையில் நடுக்கோடு போட்டார். நான்கு மாணவர்களை எதிரே நிறுத்தி, என்னை ரைடு போகச் சொன்னார். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, "கபடி கபடி கபடி... இருங்க, இதுக்கு மேல போகலாமா?" என்று நின்றேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"பாட்டு விட்டுப் போச்சு, நீ அவுட்டு. மறுபடி போ."

மறுபடி போனேன். எதிரே நின்ற தபால் நிலைய ஊழியர் குணசீலன், கல்லூரியில் ஆடியவர், என் காலுக்குப் பாய்ந்தார். அவர் பாய்ந்தபோது கால் அங்கே இல்லை. போகலாம் என்று உறுதியாக வைத்தேன், வேண்டாம் என்று உறுதியாக எடுத்துவிட்டேன். அவர் தரையில் கிடந்தார். பதறிப்போய் அவர் தோளைத் தொட்டு, "அடி பட்டுச்சா சார்?" என்றேன்.

"பாட்டு போனாப் போகுது, தொட்டுட்டா! பாயிண்டு!" என்று அண்ணன் கத்தினார்.

பிறகு என் பக்கத்தில் வந்து, மெதுவாகப் பேசினார். "ஏமாத்துறதுக்குக் கால நீட்டுறது எல்லா ரைடரும் செய்யிறதுதான். ஆனா ஏமாத்துறப்ப முடிவு எனக்கு முன்னாடியே தெரியும். அது தோள்ல தெரிஞ்சுரும், மூச்சுல தெரிஞ்சுரும். நிழல் அதப் படிச்சுரும். நீ ஏமாத்தல. போறப்ப நெசமாவே போற. எடுக்குறப்ப நெசமாவே எடுக்குற. உள்ள முடிவுன்னு ஒண்ணு இல்லவே இல்ல. இல்லாதத அது எப்படிப் படிக்கும்?"

"அதை எப்படி அண்ணே கத்துக்குவீங்க?"

"எனக்கும் நெசமா சந்தேகம் வரணும்," என்றார்.

அடுத்து வந்த சனிக்கிழமைகளில் அவர் என்னிடம் கேட்ட கேள்விகள் கபடியைப் பற்றியவை அல்ல. வீட்டைப் பூட்டிய பிறகு எத்தனை முறை இழுத்துப் பார்ப்பேன், அப்போது மனசுக்குள் என்ன ஓடும், ஒருவர் "சரி" என்று சொன்ன பிறகும் ஏன் நம்ப முடிவதில்லை. இதையெல்லாம் யாரும் என்னிடம் கேட்டதில்லை. சொல்லச் சொல்ல வெட்கமாக இருந்தது. வகுப்பில் குறிப்பு எழுதும்போதுகூட இல்லாத கவனத்தோடு அவர் இதைக் கேட்டார்.

பொங்கலுக்கு முந்தைய ஆட்டம், மறுபடி கோட்டை அணியோடு. அண்ணன் நடுக்கோட்டைத் தொட்டார். கண்ணில் ஒற்றினார். கையை எடுத்த பிறகு, சரியாகத் தொட்டோமா என்பது போல இன்னொரு முறை குனிந்து தொட்டார்.

உள்ளே போனார். இடது கால் இறங்கியது. மூலைக்காரன் மணிக்கட்டு அதிர்ந்திருக்க வேண்டும், அவன் பாய்ந்தான். கால் அங்கே இல்லை. விழுந்து கிடந்தவன் முதுகைத் தொட்டுவிட்டு அண்ணன் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. திரும்பலாமா என்று நின்றார். அவர் போய்விட்டார் என்று நினைத்து நிமிர்ந்த இன்னொருவனும் தொடப்பட்டான். கூட்டம் முதலில் சிரித்தது. இரண்டாம் பாதியில் எழுந்து நின்றது. கோட்டை அணியின் பையன்கள் தங்கள் மணிக்கட்டையே பார்க்கத் தொடங்கினார்கள். ஒருவன் பட்டையைக் கழற்றி எறிந்தான்.

"அடியே, இது உன்ன மாதிரியே இருக்குடி!" என்றாள் மேகலா.

எனக்குக் கைதட்டத் தோன்றவில்லை. என் குளியலறைக் கதவை யாரோ திறந்து போட்டுவிட்டது போல இருந்தது.

பொங்கல் விடுமுறை முடிந்த முதல் நாள், ஆராவமுதன் எங்கள் கடைக்கு வந்தார். புதுக் கண்ணாடி வேண்டும் என்றார். அவர் முகத்துக்கு நேரே அளவுகோலைப் பிடித்துக் கண்மணித் தூரத்தை அளந்தேன். மறுபடி அளந்தேன்.

"மறுபடி அளக்கறேளே, இதுதான்," என்றார் அசையாமல். "அவர் ஆடினதை நிழல்கிட்ட ஓட்டிப் பாத்தோம். இது சவரிமுத்து இல்லேன்னு திரும்பத் திரும்பச் சொல்றது. அப்போ யாருன்னு தேடினோம். உங்க கடை வாசல் கேமராவிலயும் தெரு கேமராவிலயும் கிடைச்சேள்."

"சார், அசையாதீங்க."

"பனியன் மட்டும் போட்டுண்டாப் போதும். நீங்க விளையாட வேண்டாம். கடைக்கு வாங்கோ, வகுப்புக்குப் போங்கோ, ரோட்டைத் தாண்டுங்கோ."

"போட்டா அண்ணன் மறுபடி மாட்டிக்குவாரே சார்."

"போடலேன்னா உங்களுக்கு என்ன கிடைக்கப் போறது? அவர் உங்களுக்கு உறவா?"

பில் போட்டுக் கொடுத்தேன். அவர் போகும்போது திரும்பி, "நீங்க என்ன சொல்லுவேள்னு எங்களுக்குத் தெரியல. அதனாலதான் நேர்ல வந்தேன். எத்தனையோ வருஷம் ஆச்சு, ஒருத்தர்கிட்டப் பதில் தெரியாம கேள்வி கேட்டு," என்றார். அதில் கொஞ்சம் சந்தோஷம் கூட இருந்தது.

அண்ணனிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று சனிக்கிழமைக்காகக் காத்திருந்தேன். அவர் வந்தார். சட்டைக்குள் புதுப் பனியன் தெரிந்தது. கடலூர் அணியின் நீலம்.

"மூணு வருஷத்துக்குப் போட்டுட்டாங்க," என்றார். "ஆடலாம். கலியபெருமாள் சாரே கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு."

"அப்ப இது?"

"அவங்களும் ஒரு நிழல் வளக்கணுமாம். இல்லாட்டி ஒப்பந்தம் இல்லைன்னுட்டாங்க. என்ன பண்றது." பையிலிருந்து ஒரு உறையை எடுத்தார். என்னைப் பார்க்காமல் நீட்டினார். "இது உனக்கு. ஒண்ணுமில்ல. நீ வேற எந்த அணிக்கும் பனியன் போட மாட்டேன்னு ஒரு கையெழுத்து. உன்னப் பாத்துத்தான் நான் கத்துக்கிட்டேன்னு அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. நீ அந்தப் பக்கம் போயிட்டா என் கதி என்ன ஆகும்னு கேக்குறாங்க."

"நான் போவேன்னு நீங்க நெனக்கிறீங்களா?"

"இல்லம்மா," என்றார். பிறகு, "போக மாட்டேல்ல?" என்றார்.

உறையைப் பிரித்தேன். தட்டச்சு செய்த மூன்று பக்கங்கள். அன்று எந்த ஷரத்தில் வருகிறது என்று நான் கேட்ட அந்தச் சொல் இதில் முதல் வரியிலேயே இருந்தது. *விசுவாசத்துடன்.*

டீ குடிக்கக் கிளம்பினோம். சாலையோரம் வந்து நின்றோம். அண்ணன் காலை இறக்கினார். எடுத்தார். வலப்புறம் பார்த்தார். ஏற்கெனவே பார்த்த இடப்புறத்தை மறுபடி பார்த்தார். மறுபடி இறக்கினார், எடுத்தார். முதலில் என்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் கேலி இல்லை. நெற்றியில் வியர்வை இருந்தது.

"அண்ணே," என்றேன். "பழையபடி ஒரு தடவ போங்களேன். ஒரே மூச்சுல."

அவர் கீழே குனிந்து தன் கால்களைப் பார்த்தார். மூச்சை இழுத்தார். ஒரு பேருந்து போயிற்று, சாலை காலியாக இருந்தது, மறுபடி ஆட்டோக்கள் வந்தன. அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

"அது கோட்டைக்காரங்ககிட்ட இருக்கும்மா," என்றார்.

எதிர்ப்பக்கம் டீக்கடைக்காரர் எங்கள் இருவரையும் பார்த்து, இரண்டு கிளாஸை எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். என் கையில் உறை. அண்ணன் சட்டைக்குள் நீலப் பனியன், எங்கள் பக்கத்துத் தூணில் ஒரு கேமரா. நான் நிற்பது எனக்காகவா, அவருக்காகவா, அந்தக் கேமராவுக்காகவா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

"இதுல கையெழுத்து..." என்று ஆரம்பித்தேன். "யோசிச்சுச் சொல்றேன் அண்ணே."

அவர் இன்னும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த யோசிக்கிறதத்தாம்மா எழுதி வாங்கிட்டு வரச் சொல்றாங்க," என்றார்.